நூற்றிருபது மூட்டை மால்ட்டும் ஐந்து மூக்குகளும்

நம் லேபில் இப்போது பதினொரு பேர் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். அதில் எத்தனை பேர் கடற்கரையில் பிறந்தவர்கள் என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? எண்ணியிருக்க மாட்டீர்கள். இதைப் படித்து முடித்ததும் எண்ணிவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு என்னைத் தெரியாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் சரக்குச் சோதனை செய்தவன். முதல் பதினெட்டு வருடம் முந்திரி, மரத்தடி, உரம். அடுத்த பதின்மூன்று வருடம் பெரும்பாலும் மால்ட். பெங்களூரில் சிறு ப்ரூவரிகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலத்தில், அவர்களுக்கான மால்ட் கப்பலில் நம் ஊருக்குத்தான் வந்தது. முளைகட்டி உலர்த்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர். இட்லிக்கு அரிசி எப்படியோ பீருக்கு மால்ட் அப்படி.

என் மனைவி தெருவில் யாரிடமும் பீர் என்ற சொல்லைச் சொன்னதில்லை. 'பார்லி கம்பெனியில் இருக்காவ' என்று சொல்லிவைத்திருந்தாள். அதனால் பதின்மூன்று வருடத்தில் ஒன்பது வீட்டுக்காரர்கள், 'அண்ணாச்சி, எங்க அம்மைக்கு நீர்க்கடுப்பு, ஒரு ரெண்டு கிலோ பார்லி கிடைக்குமா?' என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் கொடுத்ததில்லை. சாம்பிளை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. இன்றைக்கும் அதுதான் விதி என்று நம்புகிறேன்.

மால்ட்டை நாம் சோதிக்கும் முறை உங்களுக்குத் தெரியும். பொடித்து, சுடுநீரில் ஊறவைத்து, வடிகட்டி, ஐந்து பேர் தனித்தனியாகச் சுவைத்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும். ஐந்தையும் கூட்டி வகுத்தால் ஏழு வர வேண்டும். ஏழுக்குக் கீழே போனால் சர்டிபிகேட் கிடையாது. ப்ரூவரிக்கே போய்ப் பீரைச் சுவைக்க நேர்ந்தாலும் அதே கணக்குத்தான். நான் அங்கே ஒரு பீருக்கு மூன்று மிடறுக்கு மேல் குடித்ததில்லை. முதல் மிடறில் நாக்கு விழிக்கும், இரண்டாவதில் பீர் தெரியும், மூன்றாவது சந்தேகத்துக்கு. நாலாவது மிடறு வேலையில் சேராது.

மால்ட் வேலைக்கு வந்த புதிதில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். தலைவலி என்று நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு சுவைக்க உட்கார்ந்தேன். பதினொரு சாம்பிளிலும் மருந்து வாசம் என்று எழுதி, பதினொன்றையும் தள்ளிவிட்டேன். அன்றைக்குப் பக்கத்தில் இருந்த வேம்பார்க்காரர், 'அண்ணாச்சி, பன்னெண்டாவது சாம்பிளா உங்க நெத்தியையும் சேத்துக்கிடலாம்' என்றார். அதன் பிறகு ஒரு பட்டியல் போட்டேன். தைலம், வெற்றிலை, பூ, சென்ட், வாசச் சோப்பு, காபி, ஊறுகாய், சூடம், சளி. சுவைக்க உட்காருமுன் இந்த ஒன்பதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். அந்தப் பட்டியல் இன்னமும் லேபின் சுவரில் ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதன் கீழே பத்தாவதாகப் பென்சிலில் ஒரு வரி இருக்கும். அது என் கையெழுத்துத்தான். எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் அது நடந்தது. பெங்களூரில் ஜெசிந்தா என்றொரு பெண் சின்னதாக ஒரு ப்ரூவரி நடத்திவந்தாள். புன்னைக்காயல் பெண். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். இவள் வேதியியல் படித்து, பெரிய ப்ரூவரி ஒன்றில் ஏழு வருடம் வேலை பார்த்து, பிறகு தனியாக ஆரம்பித்தவள். ஆயிரம் லிட்டர் தொட்டி இரண்டு, பதினான்கு மேஜை, சமையலுக்கு இருவர், பரிமாற மூவர். எங்கள் வாடிக்கையாளர்களில் அவள்தான் ஆகச் சின்னவள். ஆனாலும் ஊர்க்காரி என்பதால் அவள் சரக்கு வந்தால் நானே போய்ப் பார்ப்பேன்.

அந்தத் தடவை அவளுடையதையும் சேர்த்து நாலு ப்ரூவரிகளுக்கான மால்ட் ஒரே கண்டெய்னரில் வந்தது. மற்ற மூவரின் மூட்டைகளும் மூன்றே நாளில் கிளம்பிவிட்டன. ஜெசிந்தாவின் நூற்றிருபது மூட்டைகள் மட்டும், ஒரு காகிதத்தில் பெயர் தப்பாக விழுந்திருந்ததால், துறைமுகச் சாலையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பத்தொன்பது நாள் கிடந்தன. இருபதாவது நாள் நான் போனேன். மூட்டைகளை எண்ணினேன். நூற்றிருபது. கிழிந்தது இரண்டு. நனைந்தது இல்லை. பூச்சி இல்லை. ஆறு மூட்டையில் சாம்பிள் எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை ஐந்து பேர் சுவைத்தோம். வேம்பார் ஒருவர், பெரியதாழை ஒருவர், காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், தூத்துக்குடியில் நானும் இன்னொருவரும். ஏழு, எட்டு, எட்டு, ஏழு, எட்டு. கூட்டினால் முப்பத்தெட்டு, வகுத்தால் ஏழு புள்ளி ஆறு. அந்த வருடத்தில் எந்த மால்ட்டுக்கும் அவ்வளவு வரவில்லை. நான் போட்டது எட்டு. குறிப்புக் கட்டத்தில் 'நிறைவான மணம்' என்றும் எழுதினேன். பொதுவாக அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதாதவன் நான்.

ஐந்து வாரம் கழித்து ஜெசிந்தா போனில் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒருக்கா நேர்ல வந்துட்டுப் போக முடியுமா? பீரு மணக்குதுன்னு சொல்லுதானுவ."

"என்ன மணம்?"

"மீனு மணக்குதாம்" என்றாள்.

நான் அன்று மாலையே ரயில் ஏறினேன். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று கோவில்பட்டி வரை யோசித்தேன். மதுரையில் மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் வீட்டில்தான் இருந்தாள். நான் அவளை வீட்டில் விட்டுவிட்டு வந்தது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

பெங்களூரில் இறங்கியதும் நேராக ஜெசிந்தாவின் ப்ரூவரிக்குப் போனேன். புதிய மால்ட்டில் பதினெட்டு மூட்டை போட்டு இரண்டு தொட்டியும் நிரப்பியிருந்தாள். இளம் பொன்னிற பீர். ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தாள். ஒன்பதையும் சரிபார்த்துக்கொண்டு, மூன்று மிடறு குடித்தேன். பத்து நிமிடம் வைத்துக் குளிர்ச்சி குறைந்ததும் இன்னொரு கோப்பையில் மூன்று மிடறு. குறை ஏதுமில்லை. சொல்லப்போனால் அவள் அதுவரை போட்டதிலேயே அதுதான் நல்ல பீர். அப்படியே சொன்னேன்.

"நானும் அதத்தானே சொல்லுதேன்! நாலு வருசத்துல இதுதான் எனக்கு மனசுக்குப் பிடிச்ச பீரு. அவனுவளுக்கு பீரு மணக்கல அண்ணாச்சி, நான் மணக்குதேன். ஓனர் யாருன்னு எவனோ விசாரிச்சிருக்கான். புன்னைக்காயல்னு எவனோ சொல்லியிருக்கான். போன சனிக்கிழமை ஒருத்தன் மாதேஷ்கிட்ட கேக்குதான், உங்க ஓனரம்மா கையக் கழுவிட்டா பீரு போடுதான்னு."

மாதேஷ் அங்கே பரிமாறுகிறவன். தருமபுரிப் பக்கம். முப்பது வயது இருக்கும். ஜெசிந்தா பேசும்போது அவன் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தான். அதை நான் எண்ணினேன். நாலு தடவை.

"காலேஜ்ல நான் டிபன் பாக்ஸத் திறந்தா நாலு பெஞ்சு எந்திரிச்சுப் போவும்" என்றாள் ஜெசிந்தா. "அன்னைக்கு மூடி வச்சேன். இன்னைக்கு மூட மாட்டேன். மைதானத்துல இதத்தான் ஊத்துவேன்."

மைதானம் என்று அவள் சொன்னது, பன்னிரண்டு நாளில் நடக்கவிருந்த ஒரு கூடுகை. அந்த ஊர்ச் சிறு ப்ரூவரிக்காரர்கள் பதினான்கு பேர் ஒரே இடத்தில் கடை போட்டு, ஆளுக்கு ஒரு பீர் ஊற்றுவார்கள். அவளுக்கு முதல் முறையாக இடம் கிடைத்திருந்தது. அங்கே நல்ல பெயர் எடுத்தால் அடுத்த நாளே பதினான்கு மேஜையும் நிறையும். அங்கே ஒருவன் மூக்கைப் பிடித்தால், அவள் எந்தப் பீரைப் போட்டாலும் அந்தப் பெயர் போகாது. நான் குறையில்லை என்று எழுதிக் கொடுத்தால் ஊற்றுவாள். ஏற்கெனவே சர்டிபிகேட்டில் அப்படி எழுதியும் கொடுத்திருந்தேன்.

எனக்கு வேறு எதுவும் தெரியாவிட்டால் எண்ண ஆரம்பித்துவிடுவேன். அடுத்த மூன்று மாலையும் ஒரு மூலை மேஜையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் சின்னச் சீட்டு ஒன்று கொடுத்தேன். இரண்டே கேள்வி. இந்தப் பீர் உங்களுக்கு எதை நினைவுபடுத்துகிறது? உங்கள் சொந்த ஊர் எது? பெயர் எழுத வேண்டாம். நாற்பத்தாறு சீட்டு சேர்ந்தது. நான்கு மொழியில் இருந்தன. படிக்கத் தெரியாததை மாதேஷ் படித்துச் சொன்னான்.

முதலில் பதில்களை மட்டும் பிரித்தேன். கருவாடு, மீன், படகுத்துறை, ஒருவர் பூனைச் சாப்பாடு என்று எழுதியிருந்தார். மொத்தம் இருபத்தெட்டு. இருபத்தெட்டு பேரும் சேர்ந்து ஒரு பெண்ணைக் கேலி செய்யத் திட்டம் போட்டிருக்க முடியாது. கேலி செய்தவன் ஒருவன் இருந்தான் என்பதும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்ததுதான் சிக்கல்.

பிறகு ஊர்களைப் பிரித்தேன். கடலோர ஊர்க்காரர்கள் ஏழு பேர். மங்களூர், கார்வார், கன்னியாகுமரி என்று. அந்த ஏழு பேரில் ஒருவர்கூட மீன் என்று எழுதவில்லை. ஐந்து பேர் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார்கள். மிச்சம் முப்பத்தொன்பது பேரும் உள்நாட்டுக்காரர்கள். அந்த இருபத்தெட்டும் அவர்களுக்குள்தான் இருந்தது.

சீட்டுகளை மேஜையில் இரண்டு வரிசையாக அடுக்கிவைத்து வெகுநேரம் பார்த்தேன். பிறகு மாதேஷைக் கூப்பிட்டு அவனிடமும் ஒரு சீட்டு கொடுத்தேன். அவன் வாங்கவில்லை.

"சீட்டெல்லாம் வேணாம் சார். மொத நாளு தொட்டியத் தொறந்தப்பவே தெரிஞ்சிபோச்சி."

"ஏன் சொல்லவில்லை?"

"எப்படி சார் சொல்றது? ஜெசிந்தாக்கா வூட்டுச் சோத்துல வர்ற வாசம் அது. தெனமும் எனக்கும் சேத்துத்தான் போடுது. அதப் போயி நாத்தம்னு சொன்னா நான் மனுசனா?"

இதை நீங்கள் எல்லோரும் கவனிக்க வேண்டும். தெரிந்தவன் பக்கத்திலேயே இருந்தான். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தான். பெயர் எழுதாத சீட்டு என்று நான் கண்டுபிடித்ததும் அவனுக்கு உதவவில்லை. ஏனென்றால் அவனிடம் அதை நான் கடைசியாகத்தான் கொடுத்தேன்.

ஜெசிந்தாவிடம் சீட்டுகளைக் காட்டினேன். நாற்பத்தாறையும் படித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அப்போ உள்நாட்டுக்காரன் மூக்குதான் மூக்கு. நம்ம மூக்கு மூக்கில்ல. அப்படித்தானே அண்ணாச்சி?"

"அப்படிச் சொல்லல. நமக்குத் தெரியாதது அவுகளுக்குத் தெரியுதோன்னு..."

"நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க. நீங்க மீனுன்னு சொன்னா, ரெண்டு தொட்டியையும் அன்னைக்கே சாக்கடை ஓடையில ஊத்திருதேன். அவனுவ சொல்லி ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

நியாயமான பேச்சு. சோதனைக்காரனை அவள் கேட்டது சோதனையைத்தான். ஆனால் எனக்கு மணக்கவில்லை. மணக்காததை மணக்கிறது என்று நான் சொன்னால், நாளைக்கு மணப்பதை மணக்கவில்லை என்றும் சொல்வேன்.

நாக்கு பழகிப்போய்விட்டதோ என்று, வேறு பீர்களைச் சுவைத்துப் பார்க்கக் கிளம்பினேன். ஜெசிந்தாவே அழைத்துப் போனாள். ஐந்து நாளில் ஆறு ப்ரூவரி, முப்பத்தொரு பீர். கோதுமை பீர், காபிக்கொட்டை போட்டது, மாம்பழம் போட்டது, புளிப்பு பீர், கரும்புகை அடித்தது. ஓர் இடத்தில் ராகி. முப்பத்தொன்றிலும் மூன்று மூன்று மிடறு. மாம்பழ பீர் போடுகிற ஒரு மீசைக்காரர் என் மூன்று மிடற்றைப் பார்த்து மனம் புண்பட்டு, "பெரியவர் மருந்து குடிக்கிற மாதிரி குடிக்கிறாரே" என்றார். "சர்க்கரையா?" என்று ஜெசிந்தாவிடம் ரகசியமாகக் கேட்டதும் என் காதில் விழுந்தது. ஏழு பீரில் குறை கண்டேன். ஒன்றில் வெண்ணெய் வாடை, இரண்டில் குழாய் சரியாகக் கழுவாத வாடை, இப்படி. ஏழையும் அவர்களிடமே சொன்னேன், நால்வர் ஒத்துக்கொண்டார்கள். ஆக, மூக்கு வேலை செய்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்து ஜெசிந்தாவின் பீரைச் சுவைத்தால் அதே நிறைவுதான். ஐந்தாம் நாள் முன்னைவிட அதிகமாகப் பிடித்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

கூடுகைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பினேன். "என்ன எழுதப் போறீய?" என்று வாசலில் வைத்துக் கேட்டாள். "எடுத்துவச்ச சாம்பிளை ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். நாம் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு ஜாடி மூடி முத்திரை வைத்து ஆறு மாதம் வைத்திருப்போமே, அது. அவளுக்கு அது சாக்குப்போக்காகத்தான் பட்டிருக்கும். எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் காலை தூத்துக்குடியில் இறங்கினேன். பெட்டியைப் பிளாட்பாரத்தில் வைத்துவிட்டு, சாவி இருக்கிறதா என்று பையைத் தடவிக்கொண்டிருந்தேன். அப்போது கிழக்கேயிருந்து காற்று வந்தது.

நான் பிறந்தது தூத்துக்குடியில். அதுவரை ஐம்பத்தேழு வருடம் அந்த ஊரிலேயே இருந்தவன். கல்யாணம், கோயில் என்று போனாலும் மூன்று நாளுக்கு மேல் வெளியில் தங்கியதில்லை. இந்தத் தடவைதான் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் தங்கினேன். என் ஊருக்கு ஒரு வாசம் உண்டு என்பது எனக்கு அந்தப் பிளாட்பாரத்தில்தான் தெரிந்தது. உப்பும், ஈரக் கயிறும், வெயிலில் காயும் மீனும் கலந்த வாசம். அது எனக்குப் புதிதாகவும் இருந்தது, ரொம்பப் பழக்கமாகவும் இருந்தது. நேற்று சாயந்தரம்கூட இதை முகர்ந்தோமே, எங்கே என்று யோசித்தேன். கோப்பையில்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தேன். நடக்கும்போது மூச்சை எண்ணினேன். டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, டீ குடிக்காமப் போறீயளே, என்ன விசேசம்?" என்றார். நிற்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று. வாசம் மெலிந்துகொண்டே வந்தது. ஆட்டோவில் ஏறி லேபுக்குப் போய்ச் சேரும்போது முன்னூற்று நாற்பது மூச்சு ஆகியிருந்தது. வாசம் நூல் மாதிரிதான் மிச்சம் இருந்தது. அலமாரியைத் திறந்து, முத்திரையை உடைத்து, ஜாடிக்குள் மூக்கை வைத்தேன்.

அந்த நூலின் மறுமுனை ஜாடிக்குள் இருந்தது. சந்தேகமே இல்லை. மால்ட்டின் வாசத்துக்கு அடியில், பழைய படுக்கை விரிப்பு மாதிரி, மீன்.

இரண்டாம் தடவை முகர்ந்தேன், இருந்தது. மூன்றாம் தடவை முகர்ந்தபோது நிறைவான மணமாக மாறிவிட்டது. ஊர் என்னை மறுபடி எடுத்துக்கொண்டுவிட்டது. மூன்றாவது முகர்தலை மட்டும் வைத்து நான் முடிவு செய்திருந்தால் மறுபடி எட்டு போட்டிருப்பேன்.

பிறகு என் நோட்டை எடுத்தேன். கிட்டங்கிக்குப் போன நாளின் பக்கம். 'ஜெசிந்தா, 120 மூட்டை. கிழிசல் 2.' அதற்குக் கீழே, என் கையெழுத்தில்: 'அடுத்த தடுப்பில் மீன்தூள், 412 மூட்டை.'

கோழித்தீவனத்துக்குப் போகும் மீன்தூள். இடுப்பளவு சுவர்தான் நடுவில். பத்தொன்பது நாள். கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிற பழக்கத்தில் அதையும் எண்ணி எழுதியிருக்கிறேன். நானூற்றுப் பன்னிரண்டு மூட்டை மீனின் பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றாக எண்ணி முடித்து, மூக்கில் எதுவும் படாமல் திரும்பி வந்திருக்கிறேன். ஒன்பது விஷயங்களைச் சரிபார்த்தவன், பிறந்த ஊரைச் சரிபார்க்கவில்லை. வீட்டு வாசம் வந்ததும் அதை நல்ல மால்ட்டின் வாசம் என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து பேரும் அப்படியே எடுத்துக்கொண்டோம்.

மேனேஜரிடம் நோட்டைக் காட்டினேன். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

"அண்ணாச்சி, சர்டிபிகேட் குடுத்தாச்சு. சரக்கு போயாச்சு. அந்தப் பொண்ணும் குறை இல்லன்னுதானே சொல்லுது? யாருமே கேக்காதப்ப நாமளே போயி, நாங்க அஞ்சு பேரும் மூக்கில்லாதவனுவன்னு எழுதிக் குடுக்கணுமா? நாளைக்கு எவன் நம்மகிட்ட சாம்பிள் குடுப்பான்?"

"நாளைக்கழிச்சு அவ அத மைதானத்துல ஊத்தப் போறா, சார்."

"ஊத்தட்டும். பிடிச்சவன் குடிப்பான்."

"அஞ்சு பேருக்குப் பிடிக்கும். இருபத்தெட்டு பேரு துப்புவான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என் பெயரில் கடிதம் எழுதினேன். 'இந்தச் சரக்குக்கு நான் கொடுத்த சர்டிபிகேட் தவறு' என்று முதல் வரி. மீன்தூள் மூட்டைகளின் எண்ணிக்கை இரண்டாவது வரி. கம்பெனி முத்திரையை அவர்தான் குத்த வேண்டும். குத்தினார். அதன் பிறகு பதினேழு நாள் என்னோடு பேசவில்லை. பதினெட்டாம் நாள் ஒரு வாடிக்கையாளர் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, 'தப்பு செய்தால் ஒத்துக்கொள்கிற இடம்' என்று சொல்லி வந்தார் என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். அப்படி யாரும் வரவில்லை. இரண்டு பேர் போய்விட்டார்கள்.

கடிதத்தை அனுப்பிவிட்டு ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

"மீனு மணந்துச்சா?" என்றாள்.

"மணந்துச்சு."

"நெசமாவே? உங்களுக்கா?"

"எனக்கேதான். ரெண்டு தடவ."



"எப்படி இருந்துச்சு?"

"நம்ம ஊரு மாதிரி இருந்துச்சு, ஏளா."

"அப்போ நல்லாத்தானே இருந்திருக்கும்" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "மாதேஷு, ஓடைப் பக்கத்து வால்வத் தொற. ரெண்டாவது தொட்டியும்தான்" என்று சொன்னது கேட்டது.

முந்தைய தடவை வந்த மால்ட்டில் போட்ட பழைய பீர் அறுபது லிட்டர்தான் கூடுகைக்கு அவளிடம் மிச்சம் இருந்தது. அதைக் கொண்டுபோனாள். மத்தியானம் மூன்று மணிக்கே தீர்ந்துவிட்டது. மற்ற பதின்மூன்று பேரும் ஊற்றிக்கொண்டிருக்க, காலிக் குழாய்க்குப் பின்னால் நின்றிருக்கிறாள். அன்றைக்குக் கை கழுவினாயா என்று கேட்டானே, அவன் வந்து, 'இன்னைக்கு மீன் இல்லையா?' என்றானாம். 'இன்னைக்கு வல காயுது, நாளைக்கு வா' என்று இவள் சொல்லியிருக்கிறாள். பக்கத்துக் கடையில் நின்ற மாம்பழ பீர் மீசைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். அவ்வளவுதான் நடந்தது. பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. கெட்ட பெயரும் கிடைக்கவில்லை. மிச்சமிருந்த நூற்றிரண்டு மூட்டை மாட்டுத் தீவனத்துக்குப் போயிற்று. மாடுகள் சீட்டு எழுதவில்லை.

பட்டியலில் பத்தாவதாக நான் பென்சிலில் எழுதிய வரி: 'பிடித்திருக்கிறதா? ஏன்?' பிடிக்காததை நாம் எல்லோரும் மூன்று தடவை முகர்ந்து பார்க்கிறோம். பிடித்ததை ஒரே தடவையில் விட்டுவிடுகிறோம். அதோடு இரண்டு ஏற்பாடு செய்துவிட்டு ஓய்வு பெற்றேன். ஐந்து பேர் சுவைக்க உட்கார்ந்தால் இரண்டு பேராவது கடல் வாசமில்லாத ஊரில் வளர்ந்தவர்களாக இருக்க வேண்டும். லீவில் வெளியூர் போய் வருகிறவர்கள் டீ குடிக்காமல், வீட்டுக்குப் போகாமல், ரயிலடியிலிருந்து நேரே லேபுக்கு வந்து ஜாடிகளை முகர வேண்டும். உங்களுக்கு முன்னூற்று நாற்பது மூச்சு இருக்கிறது. ஆட்டோவைச் சீக்கிரம் பிடியுங்கள். இந்த இரண்டாவது ஏற்பாட்டை இப்போது யாரும் கடைப்பிடிப்பதில்லை என்று கேள்வி. அதனால்தான் இவ்வளவும் எழுதினேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூர் போயிருந்தேன். ஜெசிந்தாவைப் பார்க்கப் போனேன். மேஜை இருபத்திரண்டு ஆகியிருந்தது. என்னைக் குளிர் அறைக்குள் கூட்டிப்போய், மூலையிலிருந்த ஐந்து லிட்டர் எஃகுப் பாத்திரம் ஒன்றைக் காட்டினாள். அன்றைக்கு வால்வைத் திறக்குமுன் பிடித்துவைத்ததாம். விற்பனைக்கு இல்லை, தொடாதே என்று மேலே எழுதி ஒட்டியிருந்தாள்.

மூன்று கோப்பை ஊற்றினாள். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு, ஒன்று மாதேஷுக்கு. நான் ஒன்பதையும் சரிபார்த்தேன், பத்தாவதையும் சரிபார்த்தேன். மூன்று மிடறு குடித்துவிட்டு, மூவரிடமும் மதிப்பெண் கேட்டு நோட்டில் எழுதினேன். நான் எட்டு. ஜெசிந்தா எட்டு. மாதேஷ் இந்தத் தடவை கூச்சப்படாமல் இரண்டு போட்டான்.

கூட்டினால் பதினெட்டு. வகுத்தால் ஆறு. ஏழு வேண்டும். தேறவில்லை.

"தேறலன்னா தேறல" என்று ஜெசிந்தா மாதேஷின் கோப்பையிலிருந்த மிச்சத்தை என் கோப்பையில் ஊற்றினாள். நாலாவது மிடறு குடித்தேன்.